வேம்புலி என்னும் சொல்

1976ஆம் வருடம், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஷிப்டுக்கு டீ வந்த நேரத்தில் நல அலுவலர் வேம்புலியைக் கூப்பிட்டனுப்பினார்.

டீ நேரத்தில் கூப்பிட்டால் விஷயம் கெட்டது. வேம்புலி டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு வால்வு செய்யும் கம்பெனி அது. வேம்புலி இன்ஸ்பெக்‌ஷன் பகுதியில் இருந்தார். கையில் ஒரு கேஜ். வால்வு அதற்குள் போனால் நல்லது, போகாவிட்டால் கெட்டது. கெட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டு ரீவொர்க் தட்டில் வைக்க வேண்டும். அதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்வது வேறு ஆளின் வேலை. இன்ஸ்பெக்‌ஷன்காரன் அரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் குற்றத்தைக் கண்டுபிடித்தவனே மறைத்தும்விடுவான் என்று கம்பெனி சந்தேகப்பட்டது.

நல அலுவலர் ராஜசேகரன் இலக்கியத்தில் எம்.ஏ. பேசுவதற்கு முன் கதவைச் சாத்துகிறவர். அன்று ஜன்னலையும் சாத்தினார்.

"நாட்டுல நெருக்கடி நிலை. தெரியுமில்ல?"

"பேப்பர்ல பாத்தேன் சார்."

"பேப்பர்ல என்ன போட்டிருந்தான்?"

வேம்புலி யோசித்தார். "ஒண்ணும் போடல சார்."

"அதுதான் சரி. உட்காரும்."

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தொழிலாளர் நூலகத்துப் புத்தகங்கள் குடும்பத்தோடு படிக்கத் தகுந்தவைதானா என்று பார்க்க வேண்டும். அதற்காக வாசக நலக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ராஜசேகரன் அதன் தலைவர். ஓர் உறுப்பினர் தேவைப்பட்டார்.

"எனுக்கு எட்டாங்கிளாஸ் சார்."

"அதனாலதான் உம்மைக் கூப்பிட்டேன். நான் படிச்சவன். படிச்சவனுக்கு எல்லாம் அழகாத் தெரியும். கெட்டதும் அழகாத் தெரியும். அது ஆபத்து. உமக்கு அந்தப் பிரச்சினை இல்ல."

"கேஜ் இல்லாம எப்டி சார் பாக்குறது?"

ராஜசேகரன் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தார். "உமக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல?"

"தாட்சாயிணி. ஆவணியில கல்யாணம் சார்."

"புத்தகத்தை அந்தப் பொண்ணு படிக்கிறதா நினைச்சுக்கிட்டு நீர் படியும். எந்த இடத்துல உமக்குக் கூச்சமா இருக்கோ அந்த இடம் கெட்டது. கூச்சம்தான் கேஜ்."

வேம்புலி தயங்கினார். ராஜசேகரன் கல்யாணம் எங்கே என்று விசாரித்தார். வேம்புலிக்கு இந்த இடத்தில்தான் குரல் இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா சின்னப்பையன் ஆவடியில் ரயில்வே கேட்காரர். கம்பெனி மன்றக் கூடத்தில் கல்யாணம் என்றால்தான் சம்மதம் என்று சொல்லியிருந்தார். செந்நீர்குப்பத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போடுவதாக இருந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வார். கூடத்தை யாருக்குக் கொடுப்பது என்பது நல அலுவலரின் கையில் இருந்தது.

"கூடம் உமக்குத்தான். குழு உறுப்பினருக்கு இல்லாமலா?" என்றார் ராஜசேகரன்.

வேம்புலி தினமும் மூன்று புத்தகங்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு செந்நீர்குப்பத்துக்குப் போனார். சாப்பிட்டு முடித்ததும் வாய்விட்டுப் படித்தார். எதிரே தாட்சாயிணி உட்கார்ந்து படிப்பதாக நினைத்துக்கொண்டார். தாட்சாயிணி உண்மையில் அடுத்த அறையில் தூங்கினாள்.

முதல் புத்தகம் தென்னை வளர்ப்பு பற்றியது. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே பாளையில் இருப்பதாக எழுதியிருந்தது. வேம்புலி வட்டம் போட்டார். கோழி வளர்ப்பில் நிறைய வட்டங்கள் விழுந்தன. சமையல் புத்தகத்தில் ஓர் இடத்தில் மட்டும், மாவை மிருதுவாகும்வரை பிசைந்து ஈரத்துணியால் மூடச் சொன்ன இடத்தில், யோசித்து வட்டம் போட்டார்.

ஒரு நாவலில் ஒருவனும் ஒருத்தியும் ஆற்றங்கரையில் ஆறு பக்கம் பேசினார்கள். எதுவும் தவறாக இல்லை. ஏழாம் பக்கத்தில், "அவள் ஒன்றும் சொல்லவில்லை" என்று இருந்தது. வேம்புலி நிறுத்தினார். பேசிய வரைக்கும் பயமில்லை. பேசாத இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. அதற்குப் பெரிய வட்டமாகப் போட்டார்.

மறுநாள் புத்தகங்களை நூலகத்தில் கொடுத்தார். நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஜேசுராஜ்.

"இதெல்லாம் ரீவொர்க்குக்கு. தனியா வையி" என்றார் வேம்புலி.

"தனியான்னா எங்க அண்ணாத்தே? கீறது ஒரு பீரோ."

"எனுக்குத் தெரியாது. வட்டம் போடுறதோட என் வேலை சரி."

ஜேசுராஜ் புத்தகங்களை இருந்த பீரோவிலேயே வைத்தார். ரீவொர்க் செய்ய யாரையும் நியமிக்கவில்லை என்பது குழுவுக்குத் தெரியாது. குழு இன்னும் கூடவில்லை.

பங்குனியில் நூலகத்தில் கூட்டம் சேர்ந்தது. நான்கு வருடமாக ஒருவரும் தொடாத தென்னை வளர்ப்புக்கு ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பக்கங்களைப் புரட்ட வேண்டிய அவசியம் இல்லை. சிவப்பு எங்கே என்று பார்த்தால் போதும். வெல்டிங் பகுதியிலிருந்து ஒருவன் வந்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா நைனா, புத்சா வேம்புலி எதுனா வந்துக்கீதா?"

"கோழி வளர்ப்பு கீது. தொண்ணூறு பக்கம். அம்புட்டும் வேம்புலி."

"அத்தக் குடு."

அந்தச் சொல் அப்படித்தான் பிறந்தது. முதலில் அதற்குப் பொருள், ஒரு புத்தகத்தில் படிக்க வேண்டிய இடம்.

தொழிலாளரிடையே வாசிப்பு பெருகிவிட்டதாகத் தலைமை அலுவலகம் ராஜசேகரனைப் பாராட்டியது. அவர் மன்றக் கூடத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்.

"தோழர்களே. தோழர்களே என்பதை வாபஸ் வாங்குகிறேன். தொழிலாளர்களே. நாம் புத்தகங்களைக் காப்பாற்றினோம். யாரிடமிருந்து? எழுதியவர்களிடமிருந்து. எழுதுகிறவனுக்குப் பொறுப்பு இல்லை. அவன் எழுதிவிட்டுப் போய்விடுகிறான். படிக்கிறவன் மாட்டிக்கொள்கிறான். ஆகவே எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் ஒருவர் வேண்டும். அவர் இரண்டும் செய்யாதவராக இருப்பது நல்லது."

நிறையக் கைதட்டினார்கள். பேச்சை முடித்து, எடுத்துக்காட்டாக ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். பிறகு அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வேம்புலியை உடனே கூப்பிட்டார்.

"என்னய்யா இது? கெட்ட இடத்தையெல்லாம் காட்டிக் கொடுத்திருக்கீர்!"

"அதான சார் என் வேலை. தேய்க்கிற ஆளு நீங்க போடல."

"நீரே தேய்க்கணும்."

"இன்ஸ்பெக்‌ஷன்காரன் அரத்தத் தொடக் கூடாது சார். அது ரூலு."

"நெருக்கடி நிலையில் ரூல் கிடையாது. அதுதான் ரூல்."

வேம்புலி கறுப்புப் பெயிண்டால் வட்டங்களை மூடினார். அது கம்பெனி. தின்னருக்குப் பஞ்சமில்லை. ஆட்கள் பஞ்சில் தின்னரை நனைத்து, கறுப்பைத் துடைத்துப் படித்தார்கள். பெயிண்ட் ஷாப்பில் தின்னர் தீர்ந்து இரண்டு நாள் வேலை நின்றது. ராஜசேகரன் பிளேடு கொடுத்தார்.

பிளேடுக்குப் பின் புத்தகங்களில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. தொழிலாளர்கள் ஓட்டை வழியே அடுத்த பக்கத்தைப் படித்தார்கள். வெட்டிய இடத்தில் அடுத்த பக்கத்துச் சொல் வந்து உட்கார்ந்தது. முன்பு இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. தென்னை மரம் கோவிலில் திருடியது. சமையல்காரி மாவை மூடிவிட்டு மாமனாரோடு பொரிந்தாள்.

வெட்டிய துண்டுகள் எங்கே போயின என்பது அடுத்த சந்தேகம். வேம்புலி வீட்டில்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாக்கத்திலிருந்தும் நசரத்பேட்டையிலிருந்தும் சைக்கிளில் ஆள் வந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

மனைவி பொன்னியம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடினாள்.

"இன்னாத்த தேடுற?" என்றார் வேம்புலி.

"ஊரே தேடுது, நான் தேடக் கூடாதா? அப்டி இன்னாத்தய்யா ஒளிச்சி வச்சிகினு கீற?"

"எல்லாம் ஆபீசராண்ட குட்த்துட்டேன்டி."

"அப்ப அவரு ஊட்டுப் பானையில இருக்கும்."

அவள் சொன்னது சரி. பிறகு கூடிய ஒரே குழுக் கூட்டத்தில் ராஜசேகரன் அதைத் தாமாகவே தெரிவித்தார். "துண்டுகள் என் வீட்டில் பத்திரமாக உள்ளன. ஒன்றும் குறையவில்லையே என்று தினமும் எடுத்துப் பார்க்கிறேன். சிலவற்றை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. கடமைதான்."

சொல்லுக்கு இப்போது பொருள் மாறியது. வேம்புலி என்றால் வெட்டி எடுப்பது. பேப்பரில் வெள்ளையாக விட்ட பத்தியை வேம்புலி என்றார்கள். டூரிங் டாக்கீஸில் பாட்டு நடுவில் அறுந்தபோது, "டேய், ஏன்டா வேம்புலி பண்ற?" என்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். கேன்டீனில் உளுந்து வடைக்கு வேம்புலி வடை என்று பெயர் வந்தது. வேம்புலி அதையும் வாங்கித் தின்றார். அப்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் யூனியன் செயலாளர் குணசேகரன் வேலைக்கு வரவில்லை. அவருடைய டைம் கார்டும் கேட்டில் இல்லை. அவர் பூட்டு போட்ட அலமாரியில் வேறு பூட்டு தொங்கியது. யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. டீ நேரத்தில் ஒருவன் டம்ளரைப் பார்த்தபடி சொன்னான்.

"குணசேகரன வேம்புலி பண்ட்டாங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. வேம்புலி பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெஞ்சில் அவருக்கு இடம் விட்டு மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வாக்கியம் சாயங்காலத்துக்குள் ராஜசேகரனின் காதுக்குப் போனது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். கீழ்க்கண்ட சொல்லை யாரும் கம்பெனி எல்லைக்குள் பேசவோ எழுதவோ கூடாது என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எழுதினால் சுற்றறிக்கையே விதியை மீறியதாகிவிடும்.

ஜேசுராஜ் போய்க் கேட்டார். "எந்த வார்த்தைன்னு தெர்லியே சார்?"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சவன் சொல்லக் கூடாது. தெரியாதவன் கேட்கக் கூடாது. இதுல உமக்கு என்ன குழப்பம்?"

டைம் கார்டில் வேம்புலியின் பெயர் மேல் காகிதம் ஒட்டினார்கள். ஃபோர்மேன் அவரை, "இந்தாப்பா, இவரே" என்று கூப்பிட்டார். கம்பெனிக் குடியிருப்பை ஒட்டி வேம்புலியம்மன் கோயில் இருந்தது. நிலம் கம்பெனியுடையது. ஆடியில் கூழ் வார்க்க நோட்டீஸ் அடித்தபோது அச்சகத்துக்காரர் பயந்துபோய்க் குழுவுக்கு அனுப்பினார். 'அருள்மிகு புள்ளி புள்ளி அம்மன்' என்று திருத்தி வந்தது. அம்மனுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. கூழ் வழக்கம்போலத் தீர்ந்தது. சாமி வந்து ஆடியவள் மட்டும், "நான் யார் தெரியுமாடா?" என்று கேட்டபோது கூட்டம் பதில் சொல்லாமல் நின்றது.

பொன்னியம்மாவுக்கு இந்தத் தடையால் கஷ்டம் இல்லை. அவள் புருஷன் பெயரை இருபத்தைந்து வருடமாகச் சொன்னதே இல்லை. ராஜசேகரன் ஒரு கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினார். "இது புதிய அடக்குமுறை என்கிறார்கள். நம் குடும்பப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத் தணிக்கை செய்துகொண்டு சந்தோஷமாக வாழ்கிறார்கள். அரசாங்கம் கேட்பது அந்தப் பெண்ணின் பக்குவத்தைத்தான். இன்னும் நீளமாகப் பேச எழுதி வந்தேன். நேரம் கருதி அங்கங்கே வேம்புலி பண்ணி..."

ராஜசேகரன் தண்ணீர் குடித்தார். அன்று முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும், காதில் எதுவும் விழவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

கல்யாணம் நெருங்கியது. மன்றக் கூடத்தின் பெயரைப் போட்டு எது அச்சடித்தாலும் குழு பார்க்க வேண்டும். பத்திரிகையும் போனது. திரும்பி வந்தபோது, 'செந்நீர்குப்பம்' என்பதற்கும் 'பொன்னியம்மா தம்பதியரின் குமாரத்தி' என்பதற்கும் நடுவில் கறுப்புக் கட்டம் இருந்தது.

வேம்புலி அதை எடுத்துக்கொண்டு ராஜசேகரனிடம் போனார்.

"சார், நான் பொண்ணப் பெத்தவன்."

"யார் இல்லன்னா? நீர் பெத்தவரா இரும். பேர் எதுக்கு?"

"சம்பந்தி சந்தேகப்படுவாரு சார்."

"வேற பேர் வெச்சுக்கும். நல்ல பேரா நானே நாலு தர்றேன்."

"என் அப்பன் வச்ச பேரு சார்."

ராஜசேகரன் எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலில் அன்பு இருந்தது.

"உம்ம நன்மைக்குச் சொல்றேன். நான் கல்யாணத்துக்கு வருவேன். வந்துதான் ஆகணும், கூடம் என் பொறுப்பு. அந்தச் சொல் என் காதுல விழுந்தா ரிப்போர்ட் அனுப்பணும். அதுலயும் அந்தச் சொல்லை எழுத முடியாது. பேர் இல்லாத ஒரு ஆளைப் பிடிச்சுக்கிட்டுப் போவான். பிடிக்கிறது சுலபம். விடும்போது பேர் சொல்லித்தான் கூப்பிட்டு விடுவான். உம்மை என்னன்னு கூப்பிடுவான்?"

பத்திரிகையைப் பார்த்த அன்றே சின்னப்பையன் செந்நீர்குப்பத்துக்கு வந்துவிட்டார். ரயில் போன பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கேட்டைத் திறக்கிறவர். பெண் வீட்டுக் காப்பியை வாங்கிக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, நிச்சயத்தன்னிக்கு வேம்புலின்னு சொன்னீங்க. கார்டுல தார் ஊத்தி வச்சிகீறாங்க."

"அது என் பேருதான். இப்ப சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"யாரு?"

"கம்பெனில."

"சொந்தப் பேர ஏன்யா கம்பெனி சொல்ல வேணான்றான்? போலீஸ் தேடுதா? வேற எங்கனா குடும்பம் கீதா?"

"அய்ய, இன்னா அண்ணே நீங்க" என்றாள் பொன்னியம்மா. "அந்த ஆளுக்கு இந்தக் குடும்பத்துக்கே வழி தெரியாது."

"நீ சும்மா இரும்மா. அப்ப நீயே சொல்லு, உன் ஊட்டுக்காரர் பேர் இன்னா?"

பொன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னப்பையனுக்குச் சந்தேகம் உறுதியானது.

வேம்புலி நடந்ததைச் சொன்னார். தென்னை வளர்ப்பிலிருந்து தொடங்கினார். கோழி வளர்ப்பு வரைக்கும் சின்னப்பையன் கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கேட்ல எவ்வளவோ கதை கேட்டுகீறேன் சம்பந்தி. லேட்டா வர்ற லாரிக்காரன் கதைகூட இத்தவிட நல்லாருக்கும். ஒண்ணு சொல்றேன். முகூர்த்தத்தப்ப, நாலு பேர் முன்னாடி, உங்க வாயால உங்க பேரச் சொல்லுங்க. சொன்னா என் புள்ள தாலி கட்டுவான். இல்லாங்காட்டி எழுந்துடுவான்."

அவர் போன பிறகு தாட்சாயிணி உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். காப்பி டம்ளரை எடுத்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேம்புலி அவளைப் பார்க்க முடியாமல் சைக்கிளைத் துடைக்கப் போனார்.

ஆவணி முகூர்த்தத்தன்று மன்றக் கூடம் நிறைந்திருந்தது. மற்ற கல்யாணங்களைவிடக் கூட்டம் அதிகம். மூன்று ஷிப்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வாழ்த்த வந்தவர்கள் எவ்வளவு பேர், பார்க்க வந்தவர்கள் எவ்வளவு பேர் என்று சொல்ல முடியாது. ஜேசுராஜ் வாசலில் சந்தனம் கொடுத்தார். வருகிறவர்களிடம் மெதுவாக, "சொல்லுவாரா?" என்று கேட்டார். "தெர்ல மாமே" என்று அவர்களும் மெதுவாகச் சொன்னார்கள்.

ராஜசேகரன் முன்வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேளக்காரர்களைக் கூப்பிட்டு, சந்தேகமான நேரத்தில் பலமாக வாசிக்கும்படி சொல்லியிருந்தார். சின்னப்பையன் அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, நாயனத்தின் மேல் கை வைத்துக்கொண்டார்.

தாட்சாயிணி மணையில் உட்கார்ந்தாள். வேம்புலியும் பொன்னியம்மாவும் தாரை வார்க்க வந்து நின்றார்கள். மந்திரம் சொல்லிக்கொண்டு வந்த ஐயர் பூந்தமல்லிக்காரர். அவருக்குக் கம்பெனி விவகாரம் தெரியாது. பிள்ளை வீட்டாரின் தாத்தா, அப்பா பெயர்களைச் சேர்த்துச் சொல்லி முடித்தார். பெண் பக்கம் திரும்பினார்.

"பொண்ணோட தகப்பனார் பேர் சொல்லுங்கோ."

வேம்புலி வாயைத் திறந்தார். ராஜசேகரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கூடத்தில் பின்னால் நின்றவர்கள் நாற்காலிகளின் மேல் ஏறினார்கள். மேளக்காரர் குச்சியை உயர்த்தியபடி சின்னப்பையனைப் பார்த்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கவில்லை. தாட்சாயிணி தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ, முகூர்த்தம் தாண்டறது" என்றார் ஐயர்.

சின்னப்பையன் நாயனத்தை விட்டுவிட்டு மணைக்கு வந்து மகனின் தோளில் கை வைத்தார்.

"ஐயரு கேக்கறாரு இல்ல சம்பந்தி. பொண்ணப் பெத்தவன் பேர் இன்னா?"